ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விபத்து: மக்கள் அன்று கேட்டவை, இன்றும் கேட்பவை

1985 ஆகஸ்ட் 12 அன்று குன்மா மாகாணத்தின் மலைக்காட்டில் விழுந்தது ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. ஒரே ஒரு விமானம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இன்றுவரை இவ்வளவு பேர் வேறெதிலும் இறந்ததில்லை. தொழில்நுட்பக் காரணம் 1987-இலேயே அறிக்கையாக வந்துவிட்டது. ஆனாலும் ஜப்பானிய மக்கள் கேட்பதை நிறுத்தவில்லை. தமிழில் யூடியூப் காணொளி பார்த்துவிட்டு வருபவர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில்.

நடந்தது என்ன, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டோக்கியோ ஹனேடாவிலிருந்து மாலை 6.12-க்கு ஒசாகாவுக்குக் கிளம்பிய போயிங் 747. பயணிகள் 509 பேர், ஊழியர்கள் 15 பேர். கிளம்பிப் பன்னிரண்டாவது நிமிடம், சகாமி வளைகுடாவுக்கு மேலே சுமார் 24,000 அடியில், பின்பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டது. வால் இறக்கையில் பெரும்பகுதி பிய்ந்து போனது. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் குழாய்த் தொகுதிகள் நான்கும் அந்த இடத்தில்தான் ஒன்றாகச் செல்கின்றன. நான்கிலிருந்தும் எண்ணெய் வெளியேறிவிட்டது. அதன்பின் 32 நிமிடம் எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தை வானில் வைத்திருந்தார்கள். 6.56-க்கு மலையில் மோதியது. 520 பேர் இறந்தார்கள், 4 பேர் பிழைத்தார்கள்.

செய்தி வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

தொலைக்காட்சி வழியாக. ரேடாரில் விமானம் காணாமல் போய் அரை மணி நேரத்துக்குள் செய்தி ஓடத் தொடங்கிவிட்டது. விழுந்த இடம் தெரியாது, உயிரோடு யாரும் இருக்கிறார்களா என்பதும் தெரியாது. அதனால் விமான நிறுவனம் வைத்திருந்த ஒரே தகவலான பயணிகள் பட்டியலை அறிவிப்பாளர்கள் இரவு முழுக்க வாசித்தார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் உள்நாட்டுப் பயணச்சீட்டில் பெயர் ஒலியை மட்டும் காட்டும் கத்தகானா எழுத்தில்தான் பதிவாகும். ஒரே ஒலியுள்ள பெயர்கள் ஜப்பானில் ஏராளம். வயதும் ஊரும் பொருந்தாவிட்டால், திரையில் வருவது நம் வீட்டு ஆளா வேறு யாரோவா என்று சொல்ல முடியாது. ஓபோன் பண்டிகைக் கூட்டத்தில் கடைசி நேரத்தில் சீட்டு கைமாறியவர்களும் இருந்தார்கள். ஓபோன் என்பது முன்னோரின் ஆவிகள் வீடு தேடி வரும் நாட்கள் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. வேலைக்காக வெளியூரில் இருப்பவர்கள் ஊர் திரும்பும் வாரம் அது. விமானம் நிரம்பி வழிந்ததற்கும், நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் துக்கம் பரவியதற்கும் அதுவே காரணம். இறந்தவர்களில் உலகம் முழுக்கத் தெரிந்த பாடகர் க்யூ சகமோடோவும் ஒருவர்.

விழுந்த இடம் டோக்கியோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். மீட்புக் குழு போய்ச் சேர ஏன் மறுநாள் காலை ஆனது?

மக்களின் கோபத்தில் மிக நியாயமான பகுதி இதுதான். ஆனால் பதில் ஒரே வரியில் வராது.

இடம் தெரியாமல் இல்லை. விழுந்து அரை மணி நேரத்துக்குள்ளேயே அமெரிக்க விமானப்படையின் சி-130 விமானம் ஒன்று மலையில் தீ எரிவதைப் பார்த்துத் தகவல் சொல்லிவிட்டது. ஜப்பான் தற்காப்புப் படையின் போர் விமானங்கள் இரண்டும் ஏறக்குறைய அதே நேரத்தில் தீயைக் கண்டன. இரவு ஒன்பது மணிக்கு முன்பே ஒரு மீட்பு ஹெலிகாப்டரும் மேலே வந்து வட்டமிட்டது.

கோளாறு இடத்தைச் சொன்ன முறையில் இருந்தது. அப்போது ஜிபிஎஸ் கிடையாது. தரையிலுள்ள வானொலிக் கலங்கரையிலிருந்து இத்தனை டிகிரி திசை, இத்தனை கடல் மைல் தூரம் என்றுதான் ஒரு விமானம் தன் இடத்தைச் சொல்லும். கலங்கரை 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் திசையில் 5 டிகிரி பிசகினால் தரையில் 5 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். சமவெளியில் 5 கிலோமீட்டர் பெரிதில்லை. இங்கே அந்த 5 கிலோமீட்டருக்குள் இரண்டு முகடுகளும் ஒரு மாகாண எல்லையும் இருந்தன. ஒவ்வொரு விமானமும் கொடுத்த எண் சற்றே வேறுபட்டது. வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் குன்மாவுக்கும் நகானோவுக்கும் இடையில் சிதறின. தரைப்படை வாகனங்கள் நகானோ பக்கம் திரண்டன. ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்வதும், ஆள் போய்ப் பார்ப்பதும், இங்கே இல்லை என்று திரும்புவதுமாக இரவு கழிந்தது.

இரண்டாவது கோளாறு, இறங்க முடியாதது. அன்றைய மீட்பு ஹெலிகாப்டர்களில் இருட்டில் செங்குத்தான காட்டுச் சரிவின் மேல் நிலையாக நின்று ஆளைக் கயிற்றில் இறக்குவதற்கான கருவிகள் இல்லை என்பது அதிகாரபூர்வ விளக்கம். புகையும், மின்கம்பி இருக்குமோ என்ற பயமும் சேர்ந்தன. இதை ஏற்காதவர்கள் உண்டு. அந்த சி-130-இல் இருந்த அமெரிக்க அதிகாரி ஒருவர் பத்தாண்டு கழித்து, 1995-இல் விரிவாக எழுதினார். அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று விபத்து நடந்த இடத்துக்கு மேலே வந்து ஆட்களை இறக்க முயன்றதாகவும், ஜப்பானியர்கள் வருகிறார்கள் என்று சொல்லி அதைத் திரும்ப அழைத்ததாகவும் அவர் சொன்னார். அது ஜப்பானில் பழைய புண்ணை மறுபடி கிளறிவிட்டது.

மூன்றாவது, யார் தலைமை என்பது. போலீஸ், தற்காப்புப் படை, போக்குவரத்து அமைச்சு, இரண்டு மாகாணங்கள் எல்லாம் தனித்தனி வானொலி அலைவரிசையில், தனித்தனி வரைபடத்தோடு இயங்கின. எல்லோரிடமும் ஒவ்வொரு துண்டுத் தகவல் இருந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் மேசை இல்லை.

விடிந்து தொலைக்காட்சியில் ஹெலிகாப்டர் படங்கள் வந்ததும், இது எங்கள் ஓடைப் பள்ளத்தாக்கு என்று உடனே அடையாளம் சொன்னவர்கள் உயெனோ கிராமத்தார். (டோக்கியோவில் உள்ள உயெனோ வேறு.) முன்னிரவிலேயே அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால் நகானோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். எங்கள் கருத்தில் அந்த இரவின் மிகப் பெரிய தவறு அதுதான்.

சீக்கிரம் போயிருந்தால் இன்னும் சிலர் பிழைத்திருப்பார்களா?

ஆம் என்று நம்பக் காரணம் இருக்கிறது. பிழைத்தவர்களில் ஒருவர், அன்று பணியில் இல்லாமல் பயணியாக வந்த விமானப் பணிப்பெண். விழுந்த பிறகு சுற்றிலும் பலருடைய குரலும் மூச்சிரைப்பும் கேட்டதாகவும், நேரம் போகப் போக அவை ஒவ்வொன்றாக அடங்கியதாகவும் அவர் சொன்னார். எத்தனை பேர் என்று எண் சொல்ல எவராலும் முடியாது. நூற்றுக்கணக்கானோர் என்று உறுதியாகப் பேசும் காணொளிகள் எண்ணைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. முன்பாதியில் இருந்தவர்கள் மோதலிலேயே இறந்துவிட்டார்கள். கேள்வி பின்பாதியைப் பற்றியது மட்டும்.

அந்த நால்வர் எப்படிப் பிழைத்தார்கள்?

நால்வரும் வால்பக்க இருக்கைகளில் இருந்தவர்கள், நால்வரும் பெண்கள். அவர்களில் ஒருவர் 12 வயதுச் சிறுமி. ஒரு தாயும் அவருடைய 8 வயது மகளும் உண்டு. விமானத்தின் வலது இறக்கை முதலில் ஒரு முகட்டைக் கீறியது. பின் விமானம் புரண்டு அடுத்த முகட்டில் மோதியது. அப்போது வால்பகுதி தனியாக முறிந்து, மறுபுறச் சரிவில் மரங்களுக்கிடையே சறுக்கிச் சுகெனோ ஓடைப் பள்ளத்தில் இறங்கியது. முன்பகுதி ஒரே கணத்தில் நின்றது, பின்பகுதி சறுக்கிக்கொண்டே வேகம் இழந்தது. எரிபொருள் தீயும் பெரும்பாலும் முகட்டின் அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. அவர்களைக் கண்டெடுத்தபோது மணி காலை 11-ஐ நெருங்கியிருந்தது. விழுந்து 16 மணி நேரம் ஆகியிருந்தது.

மலைக் கிராமத்து மக்கள் என்ன செய்தார்கள்?

உயெனோ மரம் வெட்டிப் பிழைத்த சிறிய மலைக்கிராமம். தன்னார்வத் தீயணைப்புக் குழுவினர் அரிவாளோடு பாதை வெட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். வால்பகுதியில் உயிரோடிருந்தவர்களைத் தேடியவர்களில் அவர்களும் உண்டு. கீழே பெண்கள் சோற்று உருண்டை பிடித்துப் பிடித்துப் படையினருக்கும் போலீசாருக்கும் அனுப்பினார்கள்.

அன்றைய ஊர்த்தலைவர் தகேயோ குரோசாவா. போர்க்காலக் கடற்படையில் இருந்தவர். விழுந்த முகடு உண்மையில் ஒசுதாகா மலையைச் சேர்ந்ததே இல்லை, பக்கத்து தகாமகஹாரா மலையின் கிளை. பெயரில்லாத அந்த முகட்டுக்கு ‘ஒசுதாகா முகடு’ என்று அவர் பெயர் வைத்தார். அது நிலைத்துவிட்டது. அடையாளம் காண முடியாத எச்சங்களை வைக்க எந்த ஊர் இடம் தரும் என்ற பேச்சு வந்தபோது உயெனோ தந்தது. 1986-இல் கட்டிய நினைவுப் பூங்காவில், கைகூப்பிய வடிவில் இருக்கும் கூம்பு அந்த முகட்டைப் பார்த்தபடி நிற்கிறது. நாற்பது ஆண்டாக அதைப் பெருக்கித் துடைத்துப் பராமரிப்பது அந்த ஊர்தான்.

உடல்களை அடையாளம் காண ஏன் மாதக்கணக்கில் ஆனது?

டிஎன்ஏ முறை அந்த ஆண்டுதான் பிரிட்டனில் ஆய்வுக் கட்டுரையாக வந்திருந்தது, எங்கும் புழக்கத்தில் இல்லை. கைரேகை, பல், தழும்பு, உடை, மோதிரம் இவைதான் வழி. ஹெலிகாப்டரில் கொண்டுவந்த உடல்களை ஃபுஜியோகா நகரின் உடற்பயிற்சிக் கூடத்தில் கிடத்தினார்கள். ஆகஸ்ட் வெயில். புகைப்படக்காரர்களைத் தடுக்க ஜன்னல்களையும் மூடியாக வேண்டும். உள்ளே வேலை செய்தவர்கள் வெந்துபோனார்கள்.

நடைமுறை இப்படி: முதலில் உடலைக் கழுவிச் சுத்தம் செய்வது செவிலியர் வேலை. மருத்துவர் அளவெடுத்து எழுதுவார், பல் மருத்துவர் ஒவ்வொரு பல்லின் அடைப்பையும் படமாக வரைவார், போலீஸ் கைரேகை எடுக்கும். மறுபக்கம் குடும்பத்தினரிடம் பழைய பல் சிகிச்சைச் சீட்டும், இறந்தவர் வீட்டில் தொட்ட பொருட்களும் கேட்டு வாங்குவார்கள். சிக்கல் வந்தது குழந்தைகளிடம்தான். பல் சிகிச்சையே செய்திராத பிள்ளைக்குப் பதிவு இருக்காது. கைரேகையைப் பாடநூல் அட்டையிலிருந்தும் விளையாட்டுப் பொருளிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். டிசம்பர் வரை அந்த வேலை நீண்டது.

உண்மையான காரணம் என்ன? தவறு யாருடையது?

ஏழு ஆண்டு முன்பு நடந்த ஒரு பழுதுபார்ப்பு.

1978 ஜூன் 2 அன்று இதே விமானம் ஒசாகாவின் இடாமியில் இறங்கும்போது வால் தரையில் தேய்ந்தது. பயணிகள் அறையின் பின்முனையை மூடும் அழுத்தத் தடுப்புச் சுவர் சேதமானது. குடை விரித்தது போன்ற அலுமினியக் கிண்ணம் அது. விட்டம் சுமார் நாலரை மீட்டர், தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 600 கிராம் விசையில் வெளியே தள்ளும். முழுப் பரப்புக்கும் கூட்டினால் 100 டன்னைத் தொடும்.

போயிங் நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் குழு கீழ்ப்பாதியைப் புதிதாக மாற்றியது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடத்தில், ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிக்கத் தேவையான விளிம்பு ஓரிடத்தில் போதவில்லை. அதற்கு இடையில் ஓர் இணைப்புத் தகடு வைக்கும்படி வரைபடம் கொடுத்தார்கள். அந்தத் தகடு ஒரே துண்டாக, மூன்று வரிசை ரிவெட்டுகளுக்கும் அடியில் ஓட வேண்டும். அப்போது சுமை இரண்டு வரிசைகள் வழியாகக் கடக்கும். வேலையில் அதை இரண்டு துண்டாக வெட்டிப் பொருத்திவிட்டார்கள். வெளிப்பார்வைக்கு மூன்று வரிசை ரிவெட்டும் ஒழுங்காகவே தெரியும். ஆனால் தகடு நடுவில் அறுந்திருப்பதால் நடுவரிசை ஒன்றே முழுச் சுமையையும் தாங்கும். இணைப்பின் வலிமை சுமார் 70 சதவீதத்துக்கு இறங்கியது. மேலே அடைப்புப் பசை பூசியபின் வெட்டு கண்ணில் படாது.

ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்தச் சுவர் ஒரு தடவை உப்பி ஒரு தடவை தளரும். இந்த 747 குறுந்தூரத்துக்கென்றே செய்தது, ஒரு நாளில் பல முறை ஏறி இறங்கும். பழுதுபார்த்த பிறகு 12,000-க்கும் மேற்பட்ட பயணங்கள். ரிவெட் துளைகளின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. அன்று மாலை சுவர் கிழிந்தது. வெளியேறிய காற்று மூடிய வால்கூண்டுக்குள் புகுந்து வால் இறக்கையை உள்ளிருந்தே வெடிக்கவைத்தது.

பழுதுபார்ப்பு பிழையானது என்பதை போயிங் 1985 செப்டம்பரிலேயே ஒப்புக்கொண்டது. அதைச் சோதித்து ஏற்றுக்கொண்ட விமான நிறுவனமும், அனுமதித்த அமைச்சும் கண்டுபிடிக்கவில்லை. பின்னாளில் நடந்த பராமரிப்புச் சோதனைகளும் வெடிப்புகளைப் பிடிக்கவில்லை.

அப்படியானால் தொடக்கத்தில் மக்கள் ஏன் விமானியைத் திட்டினார்கள்?

திட்டுவதற்கு முகம் வேண்டுமே. கேப்டன் மசாமி தகாஹாமாவின் பெயர்தான் முதல் நாளே வெளியே வந்தது. அவர் குடும்பத்துக்கு வசைத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. 2000-ஆம் ஆண்டு விமானி அறைக் குரல்பதிவு கசிந்து தொலைக்காட்சியில் ஒலித்தபோதுதான் மக்கள் எண்ணம் திரும்பியது. கட்டுப்பாடே இல்லாத விமானத்தை மூவரும் கடைசி நொடிவரை கைவிடாமல் போராடியது எல்லோர் காதிலும் விழுந்தது.

இந்த நிலையில் விமானத்தை இறக்கவே முடியாது என்பது விசாரணை அறிக்கையின் முடிவு. எஞ்சினை மட்டும் வைத்து ஓட்டும் உத்தியை அமெரிக்க விமானி டென்னி ஃபிட்ச் இந்த விபத்தைப் படித்த பிறகு சிமுலேட்டரில் பழகிப் பார்த்திருந்தார். 1989-இல் யுனைடெட் 232 ஹைட்ராலிக் முழுதையும் இழந்தபோது அவர் அதில் பயணியாக இருந்தார். அங்கே பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள்.

ஊடகங்கள் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

வாரப் புகைப்பட இதழ்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்த காலம். உடல்களின் படங்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டார்கள். படைவீரர் ஒருவர் அணைத்தபடி ஹெலிகாப்டருக்குத் தூக்கிச் சென்ற சிறுமியின் படம் நாடு முழுக்கப் பரவியது. பெற்றோரையும் தங்கையையும் இழந்த அந்தப் பிள்ளையை மருத்துவமனையிலும் ஊரிலும் கேமராக்கள் துரத்தின. உடற்பயிற்சிக் கூடத்தில் கதறும் குடும்பங்களுக்கு நடுவே மைக்கை நீட்டினார்கள்.

விமான நிறுவனத்தை மக்கள் புறக்கணித்தார்களா?

ஓரளவுக்கு. அடுத்த சில மாதங்களில் உள்நாட்டுப் பயணம் 25 சதவீதம் வரை குறைந்தது. தலைவர் யசுமோதோ தகாகி குடும்பங்களின் முன் தலைகுனிந்து நின்றார், ஆண்டு முடிவதற்குள் பதவி விலகினார். ஹனேடாவில் பராமரிப்பு அதிகாரி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்த தவறு என்று எதுவும் இல்லை. பொறுப்பேற்பது என்ற பெயரில் தவறு செய்யாதவர் மேல் பாரம் இறங்கியதற்கு அது உதாரணம். நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், இரங்கல் தொகையாக 78 கோடி யென் கொடுத்தது. 123 என்ற எண்ணையும் கைவிட்டது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிறுவன ஊழியர் ஒருவரைத் துணையாக அனுப்பினார்கள். பிணவறையில் கூட நிற்பதும், சவச்சடங்குக்கு ஏற்பாடு செய்வதும், வசையை வாங்கிக்கொள்வதும் அவர் வேலை. சில குடும்பங்கள் அவர்களை வாசலிலேயே விரட்டின. சில உறவுகள் பல ஆண்டு நீடித்தன.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

இல்லை. குன்மா போலீஸ் 1988-இல் நிறுவனம், அமைச்சு, போயிங் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் மேல் வழக்கை அரசு வழக்கறிஞர்களிடம் அனுப்பியது. போயிங் ஊழியர்களை ஜப்பானியர் விசாரிக்க முடியவில்லை. அமெரிக்காவில் விமான விபத்து விசாரணையின் நோக்கம் காரணம் கண்டுபிடிப்பது. குற்றம் சாட்டப்படலாம் என்றால் தொழிலாளி வாய் திறக்க மாட்டார். ஜப்பானிய சட்டத்திலோ உயிரிழப்புக்குக் காரணமான அலட்சியம் குற்றம். இரண்டும் இங்கே முட்டிக்கொண்டன. தகட்டை வெட்டியது யார், ஏன் என்பதற்குப் பதில் கிடைக்காமலேயே வழக்குத் தொடுப்பதில்லை என்று முடிவானது. 1990 ஆகஸ்டோடு காலக்கெடுவும் முடிந்தது.

தற்காப்புப் படை ஏவுகணை விட்டு வீழ்த்தியது என்கிறார்களே?

ஆதாரம் இல்லை. ஆனால் இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்று பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் உண்மைத் துணுக்கு வேராக இருக்கிறது.

‘காற்று வேகமாக வெளியேறியிருந்தால் பயணிகளைத் தூக்கி எறிந்திருக்குமே, பிழைத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லையே’ என்பது முதல் வாதம். சுவரில் விழுந்த திறப்பு சுமார் 1.8 சதுர மீட்டர் என்று கணக்கிட்டார்கள். ஜம்போ விமானத்தின் அறை மிகப் பெரியது. அவ்வளவு காற்று அந்தத் திறப்பு வழியாக வெளியேறச் சில விநாடிகள் ஆகும். சிறிய விமானத்தில் போல நொடியில் நடக்காது. காது அடைத்ததும், வெண்மூட்டம் ஒரு கணம் எழுந்து மறைந்ததும், ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்ததும் பிழைத்தவர் சொன்னவைதான். அழுத்தம் சட்டென இறங்கியதன் அடையாளங்கள் அவை. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2011-இல் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதற்கென்றே தனி விளக்கப் புத்தகம் வெளியிட்டது. 26 ஆண்டு தாமதம்.

‘குரல்பதிவில் ஆரஞ்ச் ஏர் என்று கேட்கிறது, அது ஆரஞ்சு நிறப் பயிற்சி ஏவுகணை’ என்பது இரண்டாவது. இரைச்சல் மிகுந்த பதிவில் ஒரே ஒரு சொல். விசாரணைக் குழு அதை ‘ஆல் எஞ்சின்’ என்று எழுதியது. பிறகு கேட்ட விமானிகள் ‘பாடி கியர்’, அதாவது வயிற்றுப் பக்கச் சக்கரம், என்றார்கள். எதை எதிர்பார்த்துக் கேட்கிறோமோ அது காதில் விழும். திரையில் எழுத்தைப் போட்டுவிட்டு ஒலியை ஓடவிடும் காணொளிகள் செய்வது இதைத்தான்.

‘உடல்கள் கருகியிருந்தன, தடயத்தை அழிக்கத் தீப்பீய்ச்சி விட்டார்கள்’ என்பது மூன்றாவது. எரிபொருள் இரவு முழுக்கக் காட்டோடு சேர்ந்து எரிந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் மதிப்பீடு இது: மீட்பு ஏன் தாமதமானது என்ற கேள்விக்கு அரசு யாரையும் பொறுப்பாக்காமல், தெளிவாகப் பதிலும் சொல்லாமல் விட்டது. அந்த வெற்றிடத்தில் ஏவுகணைக் கதை குடியேறியது. 2025-இல் நாடாளுமன்றத்திலேயே பாதுகாப்பு அமைச்சர் எழுந்து தற்காப்புப் படைக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று மறுக்க வேண்டிய அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

முழுக் குரல்பதிவை ஏன் வெளியிடக் கூடாது?

குடும்பத்தினரில் சிலர் அதைக் கேட்டு 2021-இல் விமான நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2022-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றமும், பிறகு உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. இணையத்தில் உலவுபவை 2000-இல் கசிந்த துண்டுகளின் நகல்கள். இடையில் இசையும் வேறு விபத்துப் படங்களும் சேர்த்தவை நிறைய.

விபத்துக்குப் பின் என்ன மாறியது?

747-களில் வால்கூண்டுக்குள் போகும் திறப்புக்கு மூடி போட்டார்கள். நான்கு ஹைட்ராலிக் தொகுதிகளில் ஒன்றுக்கு, குழாய் அறுந்தால் எண்ணெய் முழுதும் கொட்டிவிடாமல் அடைக்கும் வால்வு வைத்தார்கள். ஆனால் பழைய பழுதுபார்ப்புகளைத் தேடிப் பார்க்கும் பாடம் எல்லா நாட்டுக்கும் எட்டவில்லை. 1980-இல் வால் தேய்ந்து அரைகுறையாகச் சரிசெய்த இன்னொரு 747, சைனா ஏர்லைன்ஸ் 611, 22 ஆண்டு பறந்துவிட்டு 2002-இல் வானிலேயே சிதறியது. 225 பேர் இறந்தார்கள்.

குடும்பத்தினர் 1985 டிசம்பரில் அமைத்த சங்கம் இழப்பீட்டுப் பேச்சைத் தனியே வைத்துவிட்டு, காரணத்தையும் பாதுகாப்பையும் பற்றி மட்டும் விடாமல் கேட்டது. சிதைவுகளைக் குப்பையில் போடாமல் காட்சிக்கு வைக்கச் சொன்னதும் அவர்கள்தான். நிறுவனம் வெகுகாலம் தயங்கியது. 2005-இல் அடுத்தடுத்துப் பாதுகாப்புக் கோளாறுகள் வந்து பெயர் கெட்ட பிறகு, 2006-இல் ஹனேடாவில் பாதுகாப்பு மையம் திறந்தது. கிழிந்த அழுத்தச் சுவர், நசுங்கிய இருக்கைகள், அந்த 32 நிமிடங்களில் பயணிகள் கைப்பேட்டிலும் காகித உறையிலும் கிறுக்கிய கடைசிக் குறிப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. முன்பதிவு செய்து பொதுமக்களும் பார்க்கலாம்.

இன்று நடந்தால் இவ்வளவு தாமதமாகாதுதானே?

ஜப்பானில் ஆகாது என்று நம்பலாம். செயற்கைக்கோளுக்கு இடம் சொல்லும் அவசர ஒலிபரப்பி, ஜிபிஎஸ், இரவுப் பார்வைக் கருவி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் மோதலில் ஒலிபரப்பியின் ஆண்டெனா கம்பி அறுந்தால் அது ஊமை. குறுகிய பள்ளத்தாக்கில் விழுந்தால் வானம் தெரியாது. 2022 மே 29 அன்று நேபாளத்தின் முஸ்தாங்கில் 22 பேரோடு காணாமல் போன தாரா ஏர் விமானத்தில் நான்கு இந்தியர்களும் இருந்தார்கள். அதன் இடம் மறுநாள் காலையில்தான் உறுதியானது.

ஒசுதாகா முகட்டுக்கு நாமும் போகலாமா?

போகலாம். ஏப்ரல் இறுதியில் பாதை திறப்பார்கள், நவம்பரில் மூடுவார்கள். ரயில் கிடையாது. கார் இருந்தால் மலையடி நிறுத்துமிடம் வரை சாலை உண்டு. அங்கிருந்து ஏறுபாதை சுமார் 800 மீட்டர், செங்குத்து. நடக்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேரம். புயலுக்குப் பின் பாதை அரித்துப் போவதுண்டு (2019-இல் அப்படி ஆனது), அதனால் கிளம்புமுன் உயெனோ கிராம அலுவலகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கரடி நடமாட்டம் உள்ள காடு, தனியாகப் போக வேண்டாம்.

ஆகஸ்ட் 11 மாலை கன்னா ஆற்றில் விளக்கு மிதக்கவிடுவதும், 12 அன்று குடும்பத்தினர் மலையேறுவதும், மாலை 6.56-க்குப் பூங்காவில் மெழுகுவத்தி ஏற்றுவதும் அவர்களுடைய நிகழ்வுகள். வெறும் ஆர்வத்துக்காகப் போகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்வது மரியாதை. சரிவெங்கும் நிற்கும் சிறு பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றும் ஒருவர் கிடைத்த இடம். படம் எடுத்தால் பெயர் தெரியாமல் எடுங்கள். பெருமழைக்குப் பின் மண்ணிலிருந்து விமானத் துண்டுகள் இன்றும் வெளிப்படுகின்றன. கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம அலுவலகத்தில் சொல்லுங்கள்.